அருந்ததிக்கு நான்கு நொடி

20 நொடி, எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ 3200. இரவு வானத்தைப் படமெடுக்க ஆசைப்பட்டு யாரிடம் போய்க் கேட்டாலும் முதலில் வந்து விழுவது இந்த மூன்றும்தான். யூடியூபில் தேடினாலும் இதுதான், கல்யாணங்களுக்குப் படமெடுக்கப் போகும் தெரிந்த அண்ணனிடம் கேட்டாலும் இதுதான். ஒரு பங்கு அரிசிக்கு ரெண்டு பங்கு தண்ணி என்பது மாதிரி. சொல்வதில் தப்பும் இல்லை. அமாவாசையை ஒட்டி ஊர் வெளிச்சம் எட்டாத இடத்துக்குப் போய், அகலமாகப் பார்க்கும் லென்ஸைப் போட்டு, டிரைபாடில் நிறுத்தி, இந்த எண்களை வைத்து அழுத்தினால் பால்வீதி வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கும் முதல் தடவையே உட்கார்ந்தது.

அந்தப் படத்தை லேப்டாப்பில் திறந்து அம்மாவிடம் காட்டினேன். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தலையை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தி, புத்தகத்தில் வரி வரியாகப் படிப்பதுபோலப் பார்த்தாள். அம்மா எதையும் அப்படித்தான் பார்ப்பாள். பிறகு கேட்டாள்: “மேல பாத்தா இப்படியேவாடி தெரியும்?”

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. இந்த நீலம், இந்த ரோஜா நிறம், நடுவில் புகை மாதிரி ஓடும் கருப்பு, எதுவும் இவ்வளவு துலக்கமாகக் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் பூசின ஒரு பட்டை தெரியும், அவ்வளவுதான். “அப்ப நீ எடுத்தது யாரு பாத்தது?” என்றாள்.

அம்மாவுக்கு மாலைக்கண். வைட்டமின் ஏ குறைவால் வருகிற மாலைக்கண் வேறு. அது கீரையிலும் மாத்திரையிலும் சரியாகிவிடக் கூடியது. அம்மாவுடையது மரபணு வழியாக வருவது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று சீட்டில் எழுதியிருக்கும். நம் விழித்திரையில் குச்சி செல்கள் சுமார் 12 கோடி, கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். பகலுக்கும் நிறத்துக்கும் கூம்பு. இருட்டுக்குக் குச்சி. அம்மாவுக்கு அந்தக் குச்சிகள்தான் முதலில் செத்தன. பகலில் ஊசியில் நூல் கோப்பாள், அரிசியில் கல் பொறுக்குவாள். விளக்கு வைக்கும் நேரம் தாண்டிவிட்டால் சொந்த வீட்டின் வாசற்படியைக் காலால் தேடுவாள். அதோடு நிற்கவும் இல்லை. பார்வையின் ஓரங்கள் வருஷா வருஷம் உள்ளே சுருங்கிக்கொண்டு வருகின்றன. இப்போது கை நீட்டுகிற தூரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத்தான் தெரியும். மிச்சத்தைத் தலையைத் திருப்பித் திருப்பிச் சேர்த்துக்கொள்கிறாள். இதற்கு மேலும் சுருங்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எவ்வளவு நாளில் என்று அவர் சொல்லவில்லை.

நட்சத்திரம் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று கேட்டால், “பத்து வயசு இருக்கும், வாசல்ல பாய் போட்டுப் படுத்திருப்போம், பெரிசா ஒண்ணு ரெண்டு தெரியும். மத்ததெல்லாம் மத்தவங்க சொல்லிக் கேட்டது” என்பாள்.

அம்மாவைப் பெண் பார்க்க வந்தவர்களைத் தாத்தா பகல் பதினோரு மணிக்கு வரச் சொன்னாராம். பொழுது சாய்வதற்குள் அனுப்பியும் வைத்துவிட்டார். கல்யாணம் ஆவணி மாதம், காலை ஏழரைக்குள் முகூர்த்தம். அம்மி மிதித்ததும் ஐயர் வாசலுக்குக் கூட்டிவந்து மேலே கைகாட்டி, அருந்ததி தெரியுதாம்மா என்று கேட்டார். காலை வெயிலில் யாருக்கு என்ன தெரியும்? அப்பா தெரிகிறது என்று தலையாட்டினார், அம்மாவும் ஆட்டினாள், சுற்றி நின்றவர்களும் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். இதை அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். “என் வாழ்க்கையிலயே அன்னிக்கு ஒரு நாள்தான் எல்லாருக்கும் எனக்கும் ஒரே கண்ணு.”

அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது அடுத்த வாரம், கரண்ட் போன ஒரு ராத்திரியில். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மூன்று பேட்டரி போடும் டார்ச் ஒன்று வாங்கிவந்து தலைமாட்டில் வைத்தார். அப்பாவைப் பெற்றவள் சொன்னதையெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. மாலைக்கண் மாப்பிள்ளையை வைத்து நம் சினிமாவில் வந்த நகைச்சுவைக் காட்சிகள் டிவியில் ஓடும்போது நாங்கள் எல்லோரும் சிரிப்போம், அம்மா குக்கரைப் பார்க்க எழுந்து போவாள். அந்தக் குக்கர் விசில் அடிக்க எப்போதுமே நேரம் இருந்தது.

ஆக, கேள்வி இதுதான். 20 நொடி, எஃப் 2.8, 3200 என்பது யார் பார்த்தது?

யாரும் பார்க்காதது. நம் கண் வெளிச்சத்தைச் சேமித்து வைக்காது. மங்கலான இருட்டில்கூடப் பத்தில் ஒரு நொடி அளவுக்குச் சேர்த்து மூளைக்கு அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். 20 நொடி திறந்திருக்கும் ஷட்டர் என்றால் அதைப்போல 200 மடங்கு நேரம். வானத்தைக் கேமராவில் எடுக்க ஆரம்பித்தபோது இது யாருக்கும் உறைத்திருக்காது. 1850-இல் ஹார்வர்டு வானாய்வகத்தில் முதன்முதலாக ஒரு நட்சத்திரத்தைப் படமெடுத்தார்கள். வேகா. வானத்திலேயே மிகப் பிரகாசமானவற்றில் ஒன்று, அதற்கே ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. 1880-இல் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் திறந்து வைத்து எடுத்தார். 1883-இல் ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன் அதே நெபுலாவை எடுத்த படத்தில், தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் தெரியாத நட்சத்திரங்கள் விழுந்திருந்தன. அதுவரை கண்ணுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த கேமரா அன்றைக்குத்தான் முன்னால் போனது. நாம் இன்ஸ்டாகிராமில் பார்க்கிற ஒவ்வொரு பால்வீதியும் அந்த 1883-இன் பேரன் பேத்திதான்.

எனக்கு அப்போது ஒரு பிடிவாதம் வந்தது. கேமராவைக் கண்ணுக்குச் சமமாகக் கொண்டுவந்து காட்டவேண்டும். அம்மா ஒருமுறையாவது, மற்றவர்கள் பார்ப்பதை மற்றவர்கள் பார்ப்பதுபோலவே பார்க்கவேண்டும்.

என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய 24 மெகாபிக்சல் கேமரா. சென்சார் சின்னது, 1.5 மடங்கு கிராப். கூடவே வந்த 18–55 லென்ஸ். இந்த கிட் லென்ஸை எல்லோரும் ஏளனமாகப் பேசுவார்கள், ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 மி.மீ.யில் அதன் அதிகபட்சத் திறப்பு எஃப் 3.5. பதினெட்டை மூன்றரையால் வகுத்தால் சுமார் 5 மி.மீ. வெளிச்சம் உள்ளே வரும் துவாரத்தின் அகலம் அவ்வளவுதான். இருட்டில் நன்றாக விரிந்த இளவயதுக் கண்ணின் பாப்பா 7 மி.மீ. அதாவது அந்த லென்ஸ் நம் ஒரு கண் வாங்குவதில் பாதியைத்தான் வாங்குகிறது. வயதானால் பாப்பாவும் சுருங்கும், தாத்தா பாட்டி கண்ணும் இந்தக் கிட் லென்ஸும் கிட்டத்தட்ட ஒன்று. எஃப் எண் சின்னதாக இருந்தால் திறப்பு பெரிது என்று மனப்பாடம் செய்வதைவிட, இப்படி வகுத்து மில்லிமீட்டரில் யோசிப்பது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

ஐ.எஸ்.ஓ.வைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதை ஏற்றினால் கேமரா அதிக வெளிச்சத்தைப் பிடிக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிடிக்காது. ஷட்டரும் திறப்பும் சேர்ந்து உள்ளே விட்ட வெளிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான். ஐ.எஸ்.ஓ என்பது வாங்கிய பிறகு ஒலிபெருக்கியில் சத்தத்தைக் கூட்டுவது மாதிரி. பாடகர் மெதுவாகப் பாடினால் ஒலிபெருக்கியில் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். இருந்தாலும் இருட்டில் கொஞ்சம் கூட்டி வைப்பது நல்லது, பல கேமராக்களில் அதன் சொந்த மின்சுற்று போடும் இரைச்சல் அப்போது ஒப்பீட்டளவில் அடங்கிவிடும். 1600, 3200 என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இப்படியெல்லாம் கணக்குப் போட்டு, கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் காட்டும் ஒரு படத்தைத் தயார் செய்தேன். மலையில் நின்று என் கண்ணுக்குத் தெரிகிற மங்கலான நட்சத்திரங்கள் எவை எவை என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு, படத்தில் அவற்றுக்குக் கீழே உள்ளதையெல்லாம் இருட்டில் தள்ளி, நிறத்தை வடித்து, பால்வீதியைச் சாம்பலாக்கி, மூன்று ராத்திரி வேலை. நேர்மையான படம் என்று எனக்கு ஒரே பெருமை. அம்மாவிடம் கொடுத்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். “கரி பூசினாப்பல இருக்குது” என்றாள்.

பளபளக்கும் தாளில் ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்ததாம்.

“நீ பாக்கறத அப்படியே நானும் பாத்து என்னடி ஆவப்போவுது? எனக்குத் தெரியறாப்பல ஒண்ணு எடுத்தா. இத்தன கோடி வேணாம். அருந்ததி ஒண்ணு போதும். அப்பிடி ஒண்ணு நெஜமாவே இருக்குதான்னு பாத்துக்கறேன்.”

அருந்ததி இருக்கிறாள். சப்தரிஷி மண்டலத்தை ஒரு கரண்டி என்று வைத்துக்கொண்டால், காம்பு வளைகிற இடத்தில் இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக இன்னொன்று. அதுதான் அருந்ததி. மேற்கில் மிசார், ஆல்கார் என்பார்கள். இரண்டும் அரபுப் பெயர்கள். அங்கே பழைய காலத்தில் பார்வை சோதிக்க இதைக் காட்டுவார்கள் என்று சொல்வதுண்டு. இரண்டுக்கும் நடுவே வானத்தில் 12 கலை இடைவெளி, அதாவது முழு நிலவின் அகலத்தில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. இதே ஜோடியைத்தான் 1857-இல் ஜார்ஜ் பாண்ட் ஹார்வர்டில் படமெடுத்தார். வேகாவுக்கு அடுத்த ஏழாவது வருஷம். வானப் புகைப்படக்கலை தவழ ஆரம்பித்ததும் முதலில் போய்ப் பிடித்துக்கொண்ட தூண்களில் ஒன்று அருந்ததி என்பது எனக்கு ரொம்பப் பிடித்த தகவல்.

ஆவணி மாதத்துக் காலை ஏழரை மணிக்கு அருந்ததி அடிவானத்துக்குக் கீழே இருந்திருப்பாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெயில் இல்லாவிட்டாலும் தெரிந்திருக்காது. ஐயர் கைகாட்டியது எதை என்று அவருக்கும் தெரியாது.

அவளுக்கு உகந்த காலம் சித்திரையை ஒட்டி. ஏப்ரல் தொடக்கத்தில் நள்ளிரவு தாண்டியும், மே மாதத்தில் பதினோரு மணிக்குள்ளும் வடக்கே நன்றாக ஏறி நிற்பாள். எங்கள் ஊர் திருப்பத்தூர். ஜவ்வாது மலை கூப்பிடு தூரம். ஏப்ரல் மாத அமாவாசைக்கு முந்தின ராத்திரி, தம்பியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஆலங்காயம் வழியாக ஏறினேன். அம்மா வாசல் வரை வந்து, “இருட்டுல எதுக்குடி போறீங்க” என்றாள். அவளிடம் அதற்கு என்ன பதில் சொல்வது?

அந்த வழியில்தான் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிற ஊர். 1986-இலிருந்து அங்கே 2.34 மீட்டர் கண்ணாடியுள்ள தொலைநோக்கி வேலை செய்கிறது. நம் 7 மி.மீ. பாப்பாவோடு ஒப்பிட்டால் ஒரு லட்சம் மடங்குக்கு மேல் வெளிச்சத்தை அள்ளும். அந்தப் பெயருக்கு உரிய வைணு பாப்பு, ஹார்வர்டில் மாணவராக இருந்த 1949-இல், தான் எடுத்த ஒரு புகைப்படத் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். வானத்தை அண்ணாந்து பார்த்து இல்லை, மேசையில் குனிந்து கண்ணாடித் தகட்டைப் பார்த்து. இந்தக் கதையில் எனக்கு ஒரு சாவி கிடைத்தது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஷட்டர். பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. அதிக நேரம் திறந்து வைத்தால் புள்ளி கோடாகிவிடும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு 500 விதி என்று ஒன்று சொல்வார்கள். 500-ஐ லென்ஸின் குவிய தூரத்தால் வகுக்க வேண்டும். என்னைப்போல் கிராப் சென்சார் என்றால் அந்த தூரத்தை முதலில் 1.5-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். என் 18 மி.மீ. 27 ஆகிறது, விடை பதினெட்டரை நொடி. இது ஃபிலிம் காலத்து தாராள மனசு. 24 மெகாபிக்சல் சென்சாரில் கணக்குப் போட்டால், 18 மி.மீ.யில் வான நடுக்கோட்டில் இருக்கும் ஒரு நட்சத்திரம் மூன்று நொடிக்கு ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். பதினெட்டு நொடியில் ஆறு பிக்சல். ஃபோனில் பார்த்தால் தெரியாது, பெருக்கினால் அரிசி மாதிரி நீண்டிருக்கும்.

ஆனால் எல்லா நட்சத்திரமும் ஒரே வேகத்தில் ஓடாது. செக்கில் மாடு ஓடுகிற ஓட்டம் வேறு, உரலை ஒட்டின கட்டை நகர்கிற நகர்வு வேறு. துருவ நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பவை மெதுவாக நகரும், நடுக்கோட்டில் இருப்பவை வேகமாக. நம் ஊரில் அந்த நடுக்கோடு கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே போகிறது, ஓரியன் அதில்தான் உட்கார்ந்திருக்கிறான். ஐரோப்பாக்காரர்கள் எழுதிவைத்த எண்கள் நம் தலைக்கு மேலே கொஞ்சம் இழுபடும். வசிஷ்டரும் அருந்ததியும் நடுக்கோட்டிலிருந்து 55 டிகிரி வடக்கே இருக்கிறார்கள், அவர்கள் வேகம் நடுக்கோட்டு வேகத்தில் பாதிக்குச் சற்று மேல். அருந்ததி நிதானமானவள்.

கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு 50 மி.மீ. லென்ஸைப் போட்டேன். அதில் அருந்ததிக்கும் வசிஷ்டருக்கும் நடுவே 44 பிக்சல் இடைவெளி கிடைக்கும். சட்டகத்தை மூலைவிட்டமாகச் சாய்த்தால் ஏழு ரிஷிகளும் மொத்தமாக அடங்குவார்கள். 500 விதிப்படி ஆறரை நொடி போகலாம். நான் நான்கு நொடி வைத்தேன், இரண்டு பிக்சல் நகர்வு, அதற்குமேல் கொடுக்க மனசில்லை. லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். முழுதாகத் திறந்தால் ஓரத்து நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைத்துவிடும், எல்லாம் புறாவாகிப் பறக்கும். அதனால் 2.8. ஐ.எஸ்.ஓ 1600. வெள்ளைச் சமநிலை எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், எனக்கு நிறம் தேவையில்லை. ரா ஃபைல். இரண்டு நொடி டைமர், விரல் பட்ட நடுக்கம் அடங்குவதற்காக.

ஃபோகஸ்தான் இதில் பெரிய வேலை. லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்பக்கூடாது, அது ஒரு நல்லெண்ணம். கிழக்கே நன்றாக ஏறியிருந்த சுவாதியைத் திரையில் பத்து மடங்கு பெருக்கி, வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, அது ஊசிமுனையாகச் சுருங்கிய இடத்தில் மின்சாரக் கடை இன்சுலேஷன் டேப்பை ஒட்டினேன். திரையின் பிரகாசத்தை முன்பே குறைத்து வைத்திருந்தேன். இருட்டுக்குப் பழகின கண்ணுக்கு எந்தப் படமும் அதில் ஜோராகத்தான் தெரியும், வீட்டுக்கு வந்தால் கன்னங்கரேல் என்றிருக்கும். ஹிஸ்டோகிராமைப் பார்ப்பதே உத்தமம். தம்பி ஃபோனைத் திறந்து திறந்து வெளிச்சத்தைக் கொட்டினான். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், கெடுவதற்கு அரை நொடி போதும். டார்ச்சுக்குச் சிவப்புத் தாளைச் சுற்றி அவன் கையில் கொடுத்தேன். குச்சி செல்களைச் சிவப்பு அதிகம் சீண்டாது. “போக்கா” என்று சொல்லிவிட்டு டேங்க் மேல் சாய்ந்து தூங்கிப்போனான்.

வடக்கே அடிவானத்தில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து வெளிச்சம் கொப்பளம் மாதிரி எழும்பியிருந்தது. துருவ நட்சத்திரம் எங்கள் ஊரில் பன்னிரண்டு டிகிரி உயரம்தான், அந்த வெளிச்சத்தில் பாதி மூழ்கியிருந்தது. சப்தரிஷிகள் அதற்கு வெகு மேலே, நாற்பது டிகிரியைத் தாண்டி இருந்ததால் தப்பித்தார்கள்.

அழுத்துவதற்கு முன்னால் வெறுங்கண்ணால் ஒருமுறை அருந்ததியைப் பார்த்தேன். எப்போதும் பார்ப்பேன். எங்கள் குடும்பத்தில் இது எந்த வழியில் இறங்குகிற வகை என்று யாரும் சோதித்ததில்லை. நேராகப் பார்த்தால் தெரிகிறதா, சற்றுத் தள்ளிப் பார்த்தால் இன்னும் துலக்கமாகத் தெரிகிறதா. விழித்திரையின் நட்ட நடுவில் குச்சி செல்களே கிடையாது, மங்கலானதை ஓரக்கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். தெரிந்தது. அப்புறம்தான் ஷட்டரை அழுத்தினேன். நான்கு நொடி, முப்பது தடவை.

முப்பது எதற்கென்றால், ஒரு படத்தில் இருக்கும் இரைச்சல் இன்னொரு படத்தில் அதே இடத்தில் இருக்காது, நட்சத்திரம் இருக்கும். நட்சத்திரங்களை ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கினால் இரைச்சல் முப்பதின் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது சுமார் ஐந்தரை மடங்கு அடங்கும். இதற்கு இலவச மென்பொருட்கள் இருக்கின்றன. இரண்டு நிமிடம் ஒரே மூச்சில் திறந்து வைத்தால் கோடுகள்தான் மிஞ்சும். பிய்த்துப் பிய்த்து எடுத்துச் சேர்த்தால் புள்ளி புள்ளியாகவே இருக்கும்.

இப்போது பாப்புவின் தகடு. அந்தக் காலத்து வானியலாளர்கள் தகடுகளை வானம் மாதிரி கருப்பாக மாற்றிப் பார்ப்பதில்லை. நெகட்டிவாகவே பார்ப்பார்கள். வெளிறிய கண்ணாடியில் கருப்பு நட்சத்திரங்கள். மங்கலான புள்ளி கருப்பில் வெள்ளையாக இருப்பதைவிட வெள்ளையில் கருப்பாக இருந்தால் கண்ணுக்குச் சட்டென்று அகப்படும் என்பதற்காக. அவர்களுடைய வானம் பகல் வானம், இரவு அதில் புள்ளிகளாக மட்டும் இருந்தது.

அம்மாவுக்கு இருப்பது பகல் கண். நான் படத்தைத் தலைகீழாக்கினேன். மென்பொருளில் ஒரே ஒரு கட்டளை. பளபளப்பில்லாத தாளில் அஞ்சலட்டை அளவுக்கு இரண்டு பிரதி போட்டேன். ஒன்றில் ஏழு ரிஷிகளும். மற்றதில் வசிஷ்டரும் அருந்ததியும் மட்டும், இருவருக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இடம் இருக்கிறாற்போல வெட்டி. பெரிதாகப் போடலாமே என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். பெரிதாகப் போட்டால் அம்மாவின் தட்டுக்கு வெளியே போய்விடும். இதே குறை உள்ள எல்லோருக்கும் வெள்ளைத் தாள் ஒத்துவராது, கண் கூசும் என்று கருப்பில் வெள்ளை எழுத்தைக் கேட்பவர்களும் உண்டு. அம்மா வெள்ளைக் கட்சி. கோலத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, வாசல் திண்ணையில் வைத்துக் கொடுத்தேன். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். தலை நகரவில்லை. முழுப் படமும் ஒரே பார்வையில் விழுந்துவிட்டது போலிருக்கிறது.

“எள்ளு கொட்டினாப்பல இருக்குது” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “கரண்டி இதா?” என்று சுட்டுவிரலை வைத்தாள். சரியாகக் காம்பின் வளைவில் வந்து விரல் நின்றது. இரண்டாவது படத்தைக் கொடுத்தேன்.

“பெரிசு அவரு. இது அருந்ததி.”

“ஆமாம்மா.”

“இவ்ளோ கிட்டவா இருக்கறா?” ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர்க் குடத்தோடு நின்று என்ன என்று கேட்டுவிட்டுப் போனாள். அம்மா நிமிரவில்லை. பிறகு விரலை இரண்டுக்கும் நடுவே கொண்டுவந்து, “இது யாரு?” என்றாள்.

இருவரையும் இணைக்கும் கோட்டுக்குச் சற்று விலகி, குட்டியாக ஒரு மூன்றாவது புள்ளி. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். அம்மா அதைக் கண்டுபிடிப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. கண்ணின் எல்லைக்கு வெளியே இருக்கிற நட்சத்திரம் அது. எவ்வளவு நல்ல பார்வை உள்ளவரானாலும், எவ்வளவு இருட்டான மலையில் நின்றாலும், கருவி இல்லாமல் தெரியாது. 1722-இல் ஜெர்மனியில் ஒருவர் தொலைநோக்கியில் பார்த்து, புதுக் கோளைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, தன் ராஜாவின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார். அது கோள் இல்லை, ரொம்பத் தூரத்தில் இருக்கிற ஒரு சாதாரண நட்சத்திரம், இவர்கள் இருவரோடும் அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அம்மாவிடம் சொன்னேன்.

“அப்ப நம்ம கல்யாணத்துல நின்னவங்க ஒருத்தரும் இத பாத்திருக்க முடியாது?”

“ஊர்ல யாருமே பாத்திருக்க முடியாதும்மா.”

“உங்க பாட்டி?”

“பாட்டியும்தான்.”

அம்மா சிரித்தாள். அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு இரண்டையும் ஒன்றாக அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு, “கார்த்திகை ஆறுன்றாங்க, ஏழுன்றாங்க, அதயும் இந்த மாதிரி வெள்ளையில போட்டு எடுத்தா. நான் எண்ணிப் பாத்துச் சொல்றேன்” என்றாள்.

கார்த்திகைக் கூட்டம் நடுக்கோட்டிலிருந்து 24 டிகிரிதான் வடக்கே. அருந்ததியைவிட வேகமாக ஓடும், அதே 50 மி.மீ. லென்ஸில் இரண்டரை நொடிக்குமேல் தாங்காது. தலைக்கு நேர் மேலே வருவதால் ஊர் வெளிச்சம் தொல்லை கொடுக்காது, ஆனால் கழுத்து ஒடியும். கார்த்திகை மாதத்திலேயே எடுக்கலாம் என்றால் அப்போது வடகிழக்குப் பருவமழை, மலையில் வானமே இருக்காது. தை பிறந்த பிறகு, அமாவாசையை ஒட்டி, முன்னிரவிலேயே எடுத்துவிடலாம். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.